கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் விடுமுறை நாட்களில் தூண்டிலோடு வரும் புதியவர்கள் பெருகிவிட்டார்கள். முள் மழுங்கியது, முடிச்சு நழுவியது போன்றவை இரண்டு மீன் போனாலே தாமாக விளங்கிவிடும். விளங்காமலே தொடர்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

லீடர் இல்லாமல் போடுவது

லீடர் என்பது தூண்டில் நரம்புக்கும் முள்ளுக்கும் இடையே கட்டுகிற தடித்த துண்டு. அது இல்லாமல் போடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மெல்லிய பின்னல் நரம்பில் (இழைகளைப் பின்னிய தூண்டில் கயிறு) நேராக முள்ளைக் கட்டி, உயிர் இறாலைக் கோத்து எறிகிறார்கள். கொடுவாவுக்கு வெட்டுகிற பல் கிடையாது. ஆனால் வாய்க்குள் அரம்போலச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பில் நல்ல கூர்மை. மீன் எகிறித் தலையை உதறும்போது நரம்பு அந்த விளிம்பில் பட்டால் போதும். பின்னல் நரம்பு இழுவையைத் தாங்கும், உராய்வைத் தாங்காது.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளைஞர் இப்படித்தான் நல்ல மீனைப் பறிகொடுத்தார். "மட்டமான நரம்பு அண்ணா" என்றார். அறுந்த நுனியை வாங்கிப் பார்த்தேன். முடிச்சு நழுவியிருந்தால் சுருண்டிருக்கும். இது பிசிறு பிசிறாகத் தேய்ந்திருந்தது. எடுத்துச் சொன்னேன். அடுத்த வாரம் இன்னும் கனமான பின்னல் நரம்போடு வந்தார், மறுபடியும் நேராக முள்! தப்பிய மீன் வாயில் முள்ளோடு திரிகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முள்ளுக்கு முன்னால் லீடராக இரண்டு முழம் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு), 40 பவுண்டு இழுவை தாங்குவதாகக் கட்டினால் தீர்ந்தது. பாலத் தூண்களை ஒட்டிப் போடுவதானால் 60 பவுண்டு. அங்கே தூணில் ஒட்டி வளரும் கூரான ஓட்டுயிரான கொட்டலசும் சேர்ந்து அறுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

செவுளுக்குள் விரல் விடுவது

வேண்டாம். ஆழமாகக் கிழித்துவிடும்.

ஓட்டமில்லாத நீரில் காத்திருப்பது

ஏற்றமோ வற்றமோ, நீர் ஓடும்போதுதான் கொடுவா நன்றாக இரை எடுக்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அந்த ஓட்டம் இருக்காது.

பெரிய மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது

கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஒரு மீட்டரைத் தொட்ட மீன் அநேகமாகப் பெண்தான். பல லட்சம் முட்டை இடும். குழம்புக்கு இரண்டு கிலோ மீனே ருசி. பெரியதை விட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்காகத் தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுத்துத் தாங்குங்கள். நீரோட்டத்துக்கு எதிரே முகம் இருக்கும்படி பிடித்து, தானாக வாலடித்துக் கிளம்பும்வரை கையை எடுக்காதீர்கள்.