பரணில் கிடக்கும் ஏட்டுக்கட்டு: தெரியாமல் செய்கிற தவறுகள்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டில் ஏட்டுக்கட்டு ஒன்றைக் காட்டினார்கள். துணியை அவிழ்க்கும்போதே தேங்காய் எண்ணெய் வாடை. சரஸ்வதி பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டுமே என்று வீட்டு ஆச்சி வருடா வருடம் தடவி வந்திருக்கிறார். தூசியும் எண்ணெயும் பசையாகி, ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் பார்த்தவரைக்கும் ஏடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி அக்கறைதான். கரையானெல்லாம் அப்புறம்.

சமையல் எண்ணெய் எதுவும் ஓலைக்கு ஆகாது. சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லப் பூசுவார்கள். அதையும் பழகிய கை செய்தால்தான் நல்லது. வீட்டில் மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு முடிந்து வைத்தால் போதும். தண்ணீர் விட்டுத் துடைப்பது, வெயிலில் காயப்போடுவது, வளைந்த ஓலையை அழுத்தி நிமிர்த்துவது, லேமினேட் செய்வது எதுவும் கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். செப்புப் பட்டயம் இருந்தால் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். அது குத்துவிளக்கு இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, கட்டைக் கண்டதும் கயிற்றை உருவுவது. துளையில் செருகிய நாராசம் என்கிற கம்பியை இழுத்ததும் ஓலைகள் சரிந்தால், அடுக்கு மறுபடி அமைவது பெரும்பாடு. ஓலையின் இடது ஓரத்தில் ஏட்டெண் தமிழ் எண்ணில் இருக்கும். முதலில் அந்த ஓரம் தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மற்றதெல்லாம்.

அடுத்தது வாசிப்பு. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுதான். எண்கள் இன்னும் மோசம். அந்த ஆச்சி வீட்டுக் கட்டின் கடைசி ஏட்டில், ‘கொல்லம்’ என்ற சொல்லுக்குப் பின் ‘கூளருய’ என்று ஏதோ இருப்பதாகப் பேரன் சொன்னான். ஏதோ மந்திரம் என்று அவன் நினைப்பு. அது ௯௱௫௰. ஒன்பது நூறு, ஐந்து பத்து: 950.

எண் என்று தெரிந்ததும் அடுத்த தவறு வந்தது. கி.பி. 950, அப்படியானால் ராஜராஜனுக்கும் முந்தியது! பழம்பொருள் வாங்க வந்த ஆள் ஒருவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாராம். திருநெல்வேலிச் சீமை ஏடுகளில் மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டே சர்வசாதாரணம். அது கி.பி. 825-இல் தொடங்கியது, இங்கே ஆவணியில் பிறப்பது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐ. ஏட்டில் ஆவணி மாதம் என்றிருந்ததால் 1774. கூடவே ‘ஜய வருஷம்’ என்றும் எழுதியிருந்தது. அறுபது வருடச் சுழற்சியில் 1714, 1774, 1834 மூன்றுமே ஜய. பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருடம் தவறலாம். எண்ணும் பெயரும் பொருந்தினால் கவலையில்லை. சக ஆண்டு என்றால் 78 கூட்டுவது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

ஓலையின் வயதும் நூலின் வயதும் ஒன்றல்ல. நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஓலை சில நூற்றாண்டுதான் தாங்கும், அதனால் படியெடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் உ.வே.சா. தேடிய பத்துப்பாட்டு ஏடும் அப்படிப் படியெடுக்கப்பட்டு வந்ததுதான்.

ஊர் வரலாறோ பாளையக்காரர் வம்சாவளியோ கிடைத்தால், எழுதியதெல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்வதும் தவறு. கட்டுக்கதை என்று வீசுவதும் தவறு. கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் கேட்டபோது, தங்கள் உரிமையை நிலைநாட்ட எழுதிக்கொடுத்த வம்சாவளிகள் உண்டு. கும்பினியின் நில அளவை அதிகாரி மெக்கன்சி திரட்டியவற்றில் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. யாருக்காக எழுதியது என்று முதலில் கேட்டுவிட்டு வாசிக்க வேண்டும்.

ஆச்சி கடைசியில் கேட்ட கேள்விதான் எல்லா வீட்டிலும் வருவது. “ஏன் தம்பி, வெளிய தெரிஞ்சா சர்க்காரு எடுத்துட்டுப் போயிருமாமே?”

இந்தப் பயத்தில்தான் ஏடுகள் ஆற்றில் போகின்றன, அல்லது இரவோடு இரவாக விற்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள 75 வருடம் தாண்டிய சுவடி தொல்பொருள். அதற்காக அது அரசின் சொத்தாகிவிடாது, உங்களுடையதுதான். படம் வரைந்த சுவடியைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, மீறினால் சிறை. ஈடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் உண்மையாகவே வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு அது பொருந்தாது. ‘வெளிநாட்டில் கோடி போகும்’ என்கிற தரகர், சட்டப்படி இல்லாத சந்தையின் விலையைச் சொல்கிறார்.

மண்ணுக்குள் கிடைத்தது மட்டும் வேறு கதை. அஸ்திவாரம் தோண்டும்போது செப்பேடு வந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் விக்டோரியா காலத்துக் கணக்கு. முன்னோருக்கு நிலம் இனாமாகக் கொடுத்த மானிய ஓலை கிடைத்ததும் நிலம் திரும்பி வரும் என்று வக்கீலிடம் ஓடுவதும் வேண்டாம். 1963-இன் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஆச்சி படம் எடுக்க விட்டார். ஒட்டியிருந்ததைத் தொடாமல், பிரிந்த வரைக்கும் எடுத்தோம். நாற்பத்தொன்றாம் ஏடு மட்டும் இல்லை. மூத்த மகன் கண்ணாடி போட்டுச் சென்னையில் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாராம்.