வத்தையில் நிற்கிற கால்

என் மச்சினன் தேவிபட்டினத்தில் நண்டு வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புகிறான். விடியுமுன்னே கையில் ரொக்கத்தோடு கரைக்குப் போகிற தொழில். உடைமரக் காட்டு வழியில் இரண்டு முறை மறித்துவிட்டார்கள். மனுப்போட்டு, விசாரணை எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்தது. கான்பூரில் செய்த 32 போர் (குழல்துளை அளவு) ரிவால்வர், ஆறு தோட்டா. வாங்கின மறுநாளே என் முற்றத்தில் வந்து நின்று, "மச்சான், இதை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றான்.

நான் பட்டாளத்தில் 22 வருடம் இருந்தவன். வெலிங்டன் சென்டரில் பயிற்சி எடுத்து, பிற்பாடு 9 எம்எம் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாதாக இருந்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும்.

முதல் காரியம், தோட்டா வேறு அறைக்குப் போகட்டும். கொக்கியைத் தள்ளி ரிவால்வரை மடக்கித் திற. ஆறு துளையையும் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார். இருட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. இதைச் செய்யாமல் ஒருநாளும் பயிற்சி ஆரம்பிக்கக் கூடாது.

பிறகு நிற்கச் சொன்னேன். முழங்காலை விறைத்து, நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒற்றைக் கையை நீட்டி நின்றான். இரண்டு விரலால் நெஞ்சில் தள்ளினேன். இரண்டு எட்டு பின்னால் போய்விட்டான். என்னுடைய முதல் பிஸ்டல் வகுப்பில் நானும் இப்படித்தான் நின்று, உஸ்தாத் தள்ளியதில் மல்லாந்து விழுந்தேன். எடை முழுக்கக் குதிகாலில் இருந்தால் யாராக இருந்தாலும் விழுவார்கள்.

"மாப்ள, வத்தையில வலை இழுக்கும்போது எப்படி நிப்ப? அப்படி நில்லு" என்றேன். வத்தை எங்கள் பக்கத்துச் சிறு படகு.

அவ்வளவுதான், உடம்பு தானாக மாறிவிட்டது. கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்தன. இடது கால் அரை அடி முன்னே போனது. முழங்கால் இளகியது, எடை முன்பாதத்துக்கு வந்தது. மறுபடி தள்ளினேன். உடம்பு அசைந்தது, பாதம் பெயரவில்லை. வாடைக்காற்றில் ஆடுகிற பலகைமேல் பதினைந்து வயதிலிருந்து நின்ற கால் அது. துப்பாக்கிக்கு வேண்டியதும் அதே நிலைதான். சுட்டதும் குழல்முனை மேலே எகிறும். உடம்பு கொஞ்சம் முன்சாய்ந்திருந்தால்தான் அந்த உதையை வாங்கிக்கொண்டு மறுபடி குறிக்கு வர முடியும். மூக்கு கால்பெருவிரலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கைக்கு இரண்டு வழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரீஃப் துறையில் இருந்த ஜாக் வீவர் என்பவர் 1950-களின் கடைசியில் சுடும் போட்டிகளில் கொண்டுவந்த நிலை ஒன்று: உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, சுடுகிற கை முன்னே தள்ள, தாங்குகிற கை முழங்கை மடங்கிப் பின்னே இழுக்கும். அந்த இழுவிசையில் ஆயுதம் ஆடாமல் நிற்கும். இன்னொன்று ஐசோசலஸ்: எதிரியை நேராகப் பார்த்து, இரண்டு கையையும் சமமாக நீட்டுவது. மேலிருந்து பார்த்தால் முக்கோணம். திடுக்கிட்ட மனிதன் ஆபத்தின் பக்கம் நேராகத் திரும்பி இரண்டு கையையும் முன்னால் தள்ளுவான். அதனால் புதிதாகக் கற்கிறவனுக்கு நான் இரண்டாவதைத்தான் கொடுப்பேன். கால் வத்தைக்கால், கை முக்கோணம்.

பிடியில் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. ரிவால்வரில் சிலிண்டருக்கும் (தோட்டா இருக்கிற உருளை) குழலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் சீறும். இடதுகைக் கட்டைவிரலோ மற்ற விரலோ அங்கே முன்னே நீண்டிருந்தால் காயப்படும். வலதுகையைப் பிடியில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ ஏற்று. இடதுகை அந்த விரல்களைச் சுற்றி இறுக்கட்டும். இடது கட்டைவிரல் வலது கட்டைவிரலின் மேல், சிலிண்டருக்குப் பின்னால். ட்ரிகரில் விரல்நுனிச் சதை மட்டும். சுட முடிவெடுக்கும்வரை விரல் வெளியே, ரிவால்வரின் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். ரிவால்வரின் பின்னால் இருக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துக்கொண்டு ஆள்முன் நிற்காதே. அப்போது ட்ரிகர் மிக இலேசாகிவிடும், கை நடுங்கினாலே வெடிக்கும். நீளமாக, ஒரே சீராக இழுத்துச் சுடு.

இனித் தூரம். 1983-ல் சால்ட் லேக் சிட்டி போலீஸ் சார்ஜென்ட் டென்னிஸ் ட்யூலர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 21 அடி தள்ளி நிற்கிற ஒருவன் ஓடிவந்து கத்தியால் தொட ஒன்றரை நொடிதான் ஆகும். மச்சினன் நம்பவில்லை. பூவரசங்கட்டையில் ரிவால்வர் அளவுக்கு ஒன்று செதுக்கினேன். நிஜத் துப்பாக்கி காலியாக இருந்தாலும் அதை மனிதன் பக்கம் திருப்ப விடமாட்டேன். கபடி ஆடுகிற அவன் மகனைக் கிணற்றடியில் நிறுத்தி, கையில் வாழைமட்டையைக் கொடுத்தேன். "வா" என்றதும் பையன் பாய்ந்தான். கட்டை இடுப்பைவிட்டு எழும்புமுன் மட்டை அப்பன் வயிற்றில் இருந்தது. ஐந்து முறை செய்தோம், ஐந்து முறையும் அப்படியே. ஆறாவது முறை, "எடுக்காதே, முதலில் பக்கவாட்டில் நகரு, அந்த வண்டியை நடுவில் வை" என்றேன். பையன் டாடா ஏஸைச் சுற்றி வருவதற்குள் கட்டை கைக்கு வந்துவிட்டது. நகர்வது முதலில், எடுப்பது பிறகு. விலகி ஓட வழியிருந்தால் எடுக்கவே வேண்டாம், பணப்பை போனால் போகட்டும்.

கைதொடும் தூரத்துக்கு வந்துவிட்டவனிடம் துப்பாக்கியை நீட்டினால் அவனுக்கே கொடுத்த மாதிரி. முழங்கையைப் பின்னுக்கு இழு, மணிக்கட்டு விலாவோடு ஒட்டட்டும், குழல் முன்னே பார்க்கட்டும். இடது கை உயர்ந்து முகத்தையும் கழுத்தையும் மறைக்கட்டும். அந்தக் கை குழலுக்கு முன்னால் தாழ்ந்து வரக்கூடாது. இதையும் கட்டையை வைத்தே நூறு முறை பழகினோம். அந்தத் தூரத்தில் குறிகாட்டியைப் பார்க்க நேரமிருக்காது, இடுப்பு திரும்புகிற பக்கம்தான் குழலும் திரும்பும்.

வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பதைக்கிறது. பேன்ட், தடித்த தோல் பெல்ட், ட்ரிகரை முழுக்க மூடுகிற உறை. இவை இல்லையென்றால் ஆயுதம் பீரோவிலேயே இருக்கட்டும்.

நிஜத் தோட்டா சுடுவது அனுமதி பெற்ற ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) மட்டும். கடல் காலியாகத்தானே கிடக்கிறது என்று கரையில் நின்று சுடாதே. தாழ்வாகப் போகிற தோட்டா தண்ணீரில் பட்டுத் தெறித்துத் தூரம் போகும். அங்கே வலைபோட்டு ஆள் இருப்பான். திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். தற்காப்பு உரிமை நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகிற அளவுக்கு அது எப்போது நீளும் என்பது 38-ஆவது பிரிவு. லைசென்ஸ் வைத்திருக்கிறவன் அதை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கவேண்டும். ஓடுகிறவன் முதுகில் சுடுவதற்கு அதில் இடமில்லை.

இப்போது மச்சினன் தினம் பத்து நிமிடம் பழகுகிறான். கனத்த சுவரைப் பார்த்து, காலி ரிவால்வரோடு, குழல்நுனியில் இருக்கிற குறிமுனையில் பத்து பைசாவை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்கிறான். முதல் வாரம் ஒவ்வொரு இழுப்பிலும் விழுந்தது. முடிந்ததும் உப்புக்காற்றுக்கு எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டி வைத்துவிட்டு, "பழக்கம் முடிஞ்சிருச்சு" என்று வாய்விட்டுச் சொல்கிறான். அதன்பிறகு அன்றைக்கு அந்தச் சுவரைப் பார்த்து யாரும் ட்ரிகரை இழுப்பதில்லை.