கடினமான ஜாஸ் காதுக்குப் பழக: பாஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் பலர் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் உடனே பிடித்துப்போகிறது. அந்தத் தெம்பில் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனைப் போடுகிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் "ஆளாளுக்கு ஒன்றை வாசிக்கிறார்களே" என்று அணைத்துவிடுகிறார்கள். நானும் அணைத்திருக்கிறேன். சாக்ஸஃபோனைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அடியில் ஓடும் பாஸை (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வழி திறந்தது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஐந்து ஆல்பங்கள் போதும். மொபைல் ஸ்பீக்கரில் பாஸ் சரியாகக் கேட்காது, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (மைல்ஸ் டேவிஸ், 1959)

முதல் பாட்டு 'ஸோ வாட்' மட்டும் போதும். தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளமில்லாமல் மெதுவாக வரும். அப்புறம் பால் சேம்பர்ஸ் பாஸில் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அந்தக் கேள்வி பதில்தான் மெட்டு.

கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இந்தப் பாட்டின் ஸ்வரங்கள் கரஹரப்ரியாவின் ஸ்வரங்களேதான். ராகம் அல்ல, கமகம் கிடையாது, ஸ்வர வரிசை மட்டும் ஒன்று. 32 பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு தட்டு) கொண்ட சுற்றில் முதல் 16 பார் ஒரு சுருதியில் ஓடும். அடுத்த 8 பார் அப்படியே அரை ஸ்வரம் மேலே ஏறும். கடைசி 8 பாரில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அந்த ஏற்றம் எங்கே வருகிறது என்று பாஸை வைத்துக் கண்டுபிடியுங்கள். மூன்று நான்கு தடவை கேட்டால் பிடிபடும். ஒருவர் தனியாக வாசிக்கும்போதும் இதே சுற்று அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஜாஸில் 'தொலைந்துபோகாமல்' இருப்பது என்றால் இதுதான்.

படி 2: 'டைம் அவுட்' (டேவ் ப்ரூபெக், 1959)

'டேக் ஃபைவ்' போட்டுத் 'தகிட தக, தகிட தக' என்று தட்டுங்கள். கண்ட சாப்பு மாதிரி ஐந்துதான், ஆனால் இங்கே மூன்று முன்னால், இரண்டு பின்னால். ஜோ மோரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது பியானோ அந்த ஐந்தை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். நீங்களும் தட்டுவதை நிறுத்தாதீர்கள்.

படி 3: 'எ லவ் சுப்ரீம்' (ஜான் கோல்ட்ரேன்)

1964 டிசம்பரில் பதிவானது, நான்கு பகுதிகள். முதல் பகுதியில் ஜிம்மி கேரிசனின் பாஸ் நான்கு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். பின்னால் கோல்ட்ரேன் அதே நான்கு ஸ்வரங்களைச் சுருதி மாற்றி மாற்றிச் சாக்ஸஃபோனில் வாசிப்பார். முதலில் கேட்பவருக்கு வழி தவறியதுபோல் தோன்றும் இடம் இது. தவறவில்லை, ஒன்றையே பன்னிரண்டு ஸ்வர இடத்திலும் வைத்துப் பார்க்கிறார். அது முடிந்ததும் குரலில் ஆல்பத்தின் பெயரையே ஜபம் மாதிரிச் சொல்வார்கள். கடைசிப் பகுதியில் அவர் எழுதிய பிரார்த்தனையின் சொற்களை அசை அசையாகச் சாக்ஸஃபோனில் 'சொல்கிறார்'. ஆல்பத்தோடு அச்சான அந்தக் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படி 4: 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' (ஆர்னெட் கோல்மன், 1959)

நாம் வர வேண்டிய இடம் இதுதான், நிதானமாக இருங்கள். இந்தக் குழுவில் பியானோ இல்லை. முன்கூட்டியே போட்டுவைத்த 32 பார் சுற்றைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதும் இல்லை. அதனால் படி 1-ல் செய்த மாதிரி எண்ணிப் பார்க்காதீர்கள்.

'லோன்லி வுமன்' மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சார்லி ஹேடனின் பாஸ் மட்டும். இரண்டாவது தடவை பில்லி ஹிகின்ஸின் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு), அது வேகமாக ஓடும். மூன்றாவது தடவைதான் மெட்டு. கோல்மனின் சாக்ஸஃபோனும் டான் செரியின் கார்னெட்டும் (ட்ரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியம்) அந்த வேகத்தைக் கண்டுகொள்ளாமல் ஒப்பாரிபோல் இழுத்து இழுத்து வரும். கீழே ஓட்டம், மேலே அழுகை. குழப்பம் என்று நாம் நினைத்தது இந்த இரண்டு வேகங்களைத்தான்.

பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வலிந்து கேட்டால் வெறுப்புதான் மிஞ்சும்.

படி 5: 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (ஆலிஸ் கோல்ட்ரேன், 1971)

தலைப்பிலிருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், ஆலிஸ் கோல்ட்ரேனின் குரு. தம்புரா சுருதியோடு தொடங்குவதால் நமக்கு அந்நியமாகவே இருக்காது. அதன்மேல் செசில் மெக்பீயின் பாஸ், அப்புறம் ஆலிஸின் ஹார்ப், யாழ் மாதிரி மீட்டும் வாத்தியம்.

கடைசிப் பாட்டு மட்டும் நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னால் நேரடியாகப் பதிவானது. அதில் பாஸ் வாசிப்பவர் சார்லி ஹேடன். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், 'லோன்லி வுமன்' வாசித்த அதே கை தெரிகிறதா பாருங்கள்.