லம்ப்சம்மா, மாதப் பென்ஷனா: காயம்பட்ட ஜவான் கையெழுத்துப் போடும் முன்

பணியில் அடிபட்டு லோ மெடிக்கல் கேட்டகிரியில் (முழு உடல்தகுதி இல்லை என்று குறிக்கும் மருத்துவ வகை) இருக்கும் ஜவான் முன்னால் ஒருநாள் ஒரு படிவம் வரும். ஊனத்துக்கான தொகையை இப்போதே லம்ப்சம்மாக, அதாவது ஒரே மொத்தமாக, வாங்கிக்கொள்வதா, அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஓய்வுபெறும்போது மாதாமாதம் வாங்குவதா என்று அதில் எழுதித்தர வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து வீடுகளில் இதைப் பெரும்பாலும் போனிலேயே முடித்துவிடுவார்கள்: கடன் கிடக்கிறது, வாங்கிவிடு. லம்ப்சம் வாங்கிவிட்டால் அதே ஊனத்துக்குப் பிறகு எந்த நாளும் டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பங்கு, கிடையாது. மனசு மாறிப் பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்றாலும் நடக்காது.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் வராது. ஊனம் ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும். மெடிக்கல் போர்டு அதை ஆயுளுக்கும் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று போட்டிருக்க வேண்டும். ஊனம் இருந்தும் ஆளைப் பணியில் வைத்திருக்க வேண்டும். போர்டு அவுட் ஆகிறவருக்கு, அதாவது ஊனத்தைக் காரணம் காட்டிப் பணியிலிருந்து அனுப்பப்படுகிறவருக்கு, லம்ப்சம் என்ற பேச்சே இல்லை. அவருக்கு சர்வீஸ் எலிமென்ட் (செய்த பணிக்கான பங்கு), டிஸெபிலிட்டி எலிமென்ட் இரண்டும் சேர்ந்த பென்ஷன். அதற்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் எதுவும் தேவையில்லை.

இனி கணக்கு. டிஸெபிலிட்டி எலிமென்ட் 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். போர், தீவிரவாதி தாக்குதல் போன்றவற்றில் பட்ட காயமாக இருந்து, பணியில் நீடித்து ஓய்வுபெற்றால் 30-க்குப் பதில் 60. 35 வயதை ஒட்டிய ஜவானுக்கு ஊதியம் 40,000, ஊனம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 12,000, ஆக 30-க்கு 3,600. லம்ப்சம் என்பது இதன் ஓராண்டுத் தொகையைக் கம்யூட்டேஷன் அட்டவணை (மாதத் தொகையை வயதுக்கேற்ப மொத்தத் தொகையாக மாற்றும் அட்டவணை) எண்ணால் பெருக்குவது. அந்த வயதில் எண் சுமார் 9.1. ஆகவே 3,600 × 12 × 9.1 = 3,93,120 ரூபாய்.

அதே ஆள் விட்டுக்கொடுத்துவிட்டு, ஊதியம் 50,000 ஆனபோது ஓய்வுபெறுகிறார். 100-க்கு 15,000. இங்கேதான் ரவுண்டிங் வருகிறது: 50-க்குக் கீழே உள்ள ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கில் ஏறும். காலம் முடித்து ஓய்வுபெறுவோருக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக மாதம் 7,500, அதோடு அகவிலை நிவாரணம். நிவாரணத்தைச் சேர்க்காமலே நாலரை வருஷத்துக்குள் அந்த 3.93 லட்சம் கைக்கு வந்துவிடும். லம்ப்சம்முக்கு ரவுண்டிங் கிடையாது, ஊதிய உயர்வும் அகவிலையும் அதைத் தொடாது. போர்டு போட்ட எண் 20, 30 என்று இருப்பவர் லம்ப்சம் வாங்குவது பெரும்பாலும் நஷ்டம்தான்.

வாங்குவதில் நியாயம் இருக்கும் ஒரே இடம்: ஓய்வின்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு மறுபடி பார்க்கும். அப்போது ஊனம் 20-க்குக் கீழே இறங்கினால், காலம் முடித்து வருகிறவருக்கு டிஸெபிலிட்டி எலிமென்ட் இல்லை. எலும்பு நன்றாகக் கூடி, ஊனம் சரியாக 20-ல் நின்று, ஓய்வுக்கு இன்னும் பத்து வருஷம் இருந்தால் இதை யோசிக்கலாம். துண்டிக்கப்பட்ட விரல், போன கண் இதெல்லாம் இறங்குகிற சமாச்சாரம் இல்லை.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணியில் நீடித்து ஓய்வுபெறுவோர் வாங்கும் தொகைக்கு அதில் பெயரே இம்பேர்மென்ட் ரிலீஃப். ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ரெக்கார்ட் ஆபீஸில் இரண்டு வழிக்கும், ரவுண்டிங் உட்பட, உங்கள் கேஸுக்கான கணக்கை எழுத்தில் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு. வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இன்னொரு பொறி, “நானே போகிறேன்” என்று எழுதிக்கொடுப்பது. ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க 15 வருஷம் வேண்டும். 12-வது வருஷத்தில் வலி தாங்காமல் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் அது போச்சு. அதே ஆளை அதே ஊனத்துக்காக போர்டு அவுட் செய்தால் சர்வீஸ் எலிமென்ட் வரும். வருமான வரியிலும் இந்த வித்தியாசம் உண்டு: 2019 ஜூன் 24 சுற்றறிக்கைப்படி ஊனப் பென்ஷனுக்கு வரிவிலக்கு போர்டு அவுட் ஆனவருக்குத்தான், காலம் முடித்தவருக்கு இல்லை.

அதிகம் தகராறு வருவது லீவில் நடந்த விபத்தில்தான். யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பயணமும் திரும்பும் பயணமும் டியூட்டிக் கணக்கு. மதுரை ஜங்ஷனில் இறங்கி வாடிப்பட்டி போகும் வழியில் அடிபட்டால் கேட்கலாம். லீவில் இருக்கும்போது சொந்த வேலையாக பைக்கில் போய் விழுந்தால் பணிக்கும் காயத்துக்கும் தொடர்பில்லை என்று தள்ளிவிடுவார்கள். எனவே ரயில் டிக்கெட், லீவ் சர்டிபிகேட், எஃப்.ஐ.ஆர். நகல், அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருந்தால் அங்கே போட்ட விபத்துப் பதிவு, நான்கையும் எடுத்துவைத்து யூனிட்டுக்கு உடனே தகவல் கொடுங்கள். காய அறிக்கை (ஐஏஎஃப்ஒய்-2006), கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள்விசாரணை) கண்டறிந்தது, மெடிக்கல் போர்டு பக்கங்கள் இவற்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். ரிலீஸான பிறகு இவற்றைத் தேடி அலைவதுதான் பெரும்பாடு.

பணியால் வந்தது இல்லை என்று நிராகரித்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் போனால் மீண்டும் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மாறாக நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்ற 2013 தரம்வீர் சிங் தீர்ப்பை அப்பீலிலேயே குறிப்பிடுங்கள். மனுவை எழுதவும் அனுப்பவும் மதுரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அதற்கப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதமாகப் போனாலும் பென்ஷன் கேஸைக் கேட்பார்கள். ஆனால் பழைய பாக்கி பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான்.