தோட்டக் கம்பனியும் கணினி வழங்குநரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக்ரோலையும் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) தேயிலைக் கொழுந்து நிறுவையையும் கணினிக்கு மாற்றும் தோட்டக் கம்பனிகள், ஒப்பந்தத்தைக் கொழும்பு அலுவலக நேரத்தை மனதில் வைத்தே எழுதிவிடுகின்றன. மலையில் வேலை அந்த நேரப்படி நடப்பதில்லை. பாதித் தவறுகள் இங்கேயே தொடங்குகின்றன.

‘சேவை 99.5 வீதம் கிடைக்கும்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்தில் 720 மணித்தியாலம். அதில் அரை வீதம் 3.6 மணித்தியாலம். அது சம்பளப் பட்டியல் ஓட்டும் இரவில் விழுந்தாலும் ஒப்பந்தப்படி வழங்குநர் மேல் குற்றமில்லை. அளவையும் கொழும்பு சர்வரில்தான் எடுப்பார்கள். பொகவந்தலாவைக் கந்தோரில் திரை உறைந்து நிற்பது அந்தக் கணக்கில் வராது. தோட்டக் கந்தோரில் அளக்கச் சொல்லுங்கள், சம்பளத்துக்கு முந்திய 5 நாளுக்குத் தனி விதி போடுங்கள். ‘4 மணித்தியாலத்தில் பதில்’ என்றால் முறைப்பாட்டைப் பதிந்துகொள்வது மட்டுமே. திருத்தி முடிக்கும் நேரத்தையும் எழுதி வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் ஹட்டனுக்கு வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். மாற்று ரவுட்டரும் தராசும் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

இரண்டு கம்பனியிடம் இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. இரண்டு கேபிளும் ஒரே தூண் வரிசையில் வந்தால், ஒரு மண்சரிவு இரண்டையும் அறுத்துவிடும். கேபிள் வரும் பாதையைக் கேளுங்கள். ஒன்று ஃபைபர் என்றால் மற்றது வேறு கோபுரத்திலிருந்து வரும் 4ஜி ஆக இருக்கட்டும். மின்வெட்டில் அந்தக் கோபுரத்தின் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்றும் கேளுங்கள். மலையிலுள்ள நிறுவைக் கருவி, இணைப்பு இல்லாமலே குறைந்தது 3 நாள் பதிவைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். கிலோ தொலைந்தால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) அரைப் பேராகிவிடும், அந்தக் காசு அவளுடையது.

தரவு விடயத்தில்தான் சேதம் அதிகம், அதுவும் சத்தமில்லாமல் நடக்கும். பழைய அடையாள அட்டை இலக்கம் 9 எண்ணும் ஓர் எழுத்தும். புதியது 12 எண். பழைய மென்பொருளில் அந்தக் கட்டம் 10 இடத்தோடு முடிந்தால் புதிய இலக்கத்தின் கடைசி இரண்டு எண் வெட்டுப்படும். எக்செலில் திறந்தால் 12 எண்ணைத் தசமப் புள்ளியோடு சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், மறுபடி திறக்கும்போது கடைசி எண்கள் பூச்சியமாகியிருக்கும். அந்த நிரலை ‘எழுத்து’ வடிவமாக வைத்தே இறக்க வேண்டும். இலக்கமும் பெயரும் பிசகினால், வேலையிலிருந்து விலகுபவர் சேமலாப நிதிக்காகக் கந்தோர் கந்தோராக அலைய நேரும்.

அந்த நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், கம்பனி 12 வீதம் கட்ட வேண்டும்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 வீதம். சேமலாப நிதிப் பணம் அடுத்த மாத இறுதிக்குள் சேராவிட்டால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை ஏறும். கட்ட வேண்டியது தொழில்தருநர். ‘சிஸ்டம் விழுந்துவிட்டது’ என்பதைச் சட்டம் காரணமாக ஏற்காது. தொழிலாளரின் விபரங்களைக் காப்பதிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பனியின் கையிலேயே பொறுப்பை வைக்கிறது.

விலையை டொலரில் கட்டும்போது ரூபாயில் ஓர் உச்ச வரம்பு கேளுங்கள். 2022இல் சில வாரங்களிலேயே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது.

வழங்குநரைப் பிரியும் வழியை முதல் நாளே எழுதாவிட்டால் பிறகு பேரம் பேச முடியாது. நிர்வாகக் கடவுச்சொல், இணைய முகவரி, தரவுத்தளம் எல்லாம் கம்பனியின் பெயரில் இருக்கட்டும். கையளிக்க 90 நாள் போடுங்கள். காப்புப் பிரதி எடுத்தோம் என்ற மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை அதை வேறு கணினியில் ஏற்றி, ஏதாவது ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத் துண்டை அச்செடுத்து, கணக்கப்பிள்ளையிடம் உள்ள கடதாசிச் செக்ரோலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கிலோ, பேர், பிடிப்பனவு மூன்றும் ஒத்து வரும்வரை அந்தக் காலாண்டின் பராமரிப்புப் பில்லில் கையெழுத்துப் போட வேண்டாம்.