அணை தாண்டும் விலாங்கைக் கவனிப்பது எப்படி

தம்பி, விலாங்கு கடலில் பிறந்து, நம் மலையாறுகளில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும். ஆகவே கீழ்நோக்கிய பயணத்தையே கவனி. அனுமதி கிடைத்தபின் கராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, 23 மில்லிமீற்றர் பிட் டேக்கை, அதாவது தனி எண் கொண்ட சின்ன அடையாளச் சில்லை, வயிற்றறைக்குள் வை. பெரிய மீனுக்கு மட்டும். சின்னதை வதைப்பது எனக்குப் பொறுக்காது. முழுதாகத் தெளியாமல் ஆற்றில் விடாதே.

டேக்குக்கு பற்றரி இல்லை. மீன் கடக்கும் வழியில் வைக்கும் கம்பிச்சுருளான அன்டெனா தரும் சக்தியில்தான் தன் எண்ணைச் சொல்லும். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அந்தச் சக்தியைத் தின்றுவிடும் என்பதால், அன்டெனாவை மரச்சட்டத்தில் சுற்றிச் சுவரிலிருந்து தள்ளி வை. சில மீற்றர் இடைவெளியில் இரண்டு வேண்டும். எது முதலில் பதிகிறதோ அதிலிருந்து திசை தெரியும். மேலே தவறியது கீழே பதிந்தால், மேல் அன்டெனா எவ்வளவு தவறவிடுகிறது என்பதும் தெரியும். தினமும் காலையில் மூங்கில் குச்சியில் ஒரு டேக்கைக் கட்டி அன்டெனாவுக்குள் நுழைத்து, பதிகிறதா என்று பார்.

இலங்கையின் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் தலவாக்கலைத் தண்ணீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக மின் நிலையத்துக்குப் போகிறது. அப்படியான இடத்தில் சுரங்க வாயையும் வான்கதவையும் தனித்தனியாகப் பார். வான்கதவு திறந்த நேரத்தை எழுதி வை. பதியாத மீனைச் செத்ததாக எழுதாதே. ஒரே எண் நாள்கணக்கில் ஓரிடத்திலேயே பதிந்தால், டேக்கின் எண்ணைப் படிக்கும் கைரீடரோடு இறங்கித் தேடு.