சுங்கை சிப்புட் ஈரத்தில் பார்த்தகாஸ் சுருட்டைக் காப்பது எப்படி

ஹவானா சுருட்டைக் காயவிடக் கூடாது என்று சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்கு உரியவை. அலமாரியில் கிடக்கும் இடைவாரில்கூடப் பூஞ்சை பிடிக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஈரத்தைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும்.

பார்த்தகாஸ், கத்தலோனியாவிலிருந்து கியூபா சென்ற ஹைமே பார்த்தகாஸ் 1845-இல் ஹவானாவில் நிறுவிய சுருட்டு நிறுவனம். 1868-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1960-இல் தொழிற்சாலை நாட்டுடைமையானது. உரிமை கைமாறினாலும் மண்வாசனையும் மிளகுக் காரமும் கொண்ட சுவை மாறவில்லை. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் தடித்த இலையை லிகேரோ என்பார்கள். மெதுவாக எரியும் அந்த இலையே ஒரு சுருட்டின் காரத்துக்கு முதற்காரணம். 124 மில்லிமீட்டர் நீளமுள்ள 'சீரி டி எண் 4' இதன் பெயர்பெற்ற வகை. பால்மரம் சீவப் போகையில் நம் தாத்தாமார் வாயோரம் கடித்திருந்த சுருட்டைப் போல எண்ணி இதை வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும்.

வாங்கி வந்ததும், காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி உப்பை இட்டு, கரையாதபடி சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை கூடக் குறையக் காட்டுகிறதோ, அதைப் பின்னர் கணக்கில் கொள்ளுங்கள்.

பிறகு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சுருட்டுகளை, ஈரத்தை 65 சதவீதத்திலேயே நிறுத்தி வைக்கும் ஈரப்பத உறையுடன் வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத மூலையில் வையுங்கள். பஞ்சில் நீர் நனைத்து வைக்கும் பழைய வழக்கம் இங்கு வேண்டவே வேண்டாம்.

பூஞ்சையைவிடப் பொல்லாதது புகையிலை வண்டு. இலைக்குள் இருக்கும் முட்டை நம் ஊர்ச் சூட்டில் எளிதாகப் பொரிந்துவிடும். ஒரு தீபாவளிக்கு முன் நான் டப்பாவைத் திறந்தபோது மூன்று சுருட்டுகளில் ஊசியால் குத்தியதுபோல் துளைகளும், அடியில் மாவாய் உதிர்ந்த புகையிலைத் தூளும் இருந்தன. அன்றிலிருந்து புதிதாக வருவதையெல்லாம் இரட்டைப் பையிலிட்டு, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், உறைதட்டில் மூன்று நாள், மீண்டும் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்த பின்பே டப்பாவில் சேர்க்கிறேன். உறைதட்டிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும்.

பற்றவைக்கும்போது நுனியைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இழுங்கள். புகையை நெஞ்சுக்குள் இறக்க வேண்டாம். கடைசிப் பகுதி கசக்கத் தொடங்கினால் நசுக்காமல் தட்டில் விட்டுவிடுங்கள், தானாக அணைந்துவிடும்.